மேனேஜர் தின்ற ஷூ

மேனேஜரின் ஷூவை மேனேஜர் தின்றுவிட்டார் என்று முதலில் சொன்னவள் ஓரகத்திதான். சொன்ன பிறகுதான் அது சிரிக்கக் கூடாத நேரம் என்று அவளுக்கு உறைத்தது. கைத்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

கீழ்வீட்டில் இருந்த ஓரகத்தியின் கணவர், மாடியில் இருந்தவளுக்கு மூத்தார், குளிர்பதனப் பெட்டி விற்கும் கம்பெனியில் மேனேஜர். மாடியறையில் இருந்த நாயின் பெயரும் மேனேஜர். அவருக்கு அந்தப் பதவி கிடைத்த அதே வாரம் அவருடைய தம்பி எங்கிருந்தோ ஒரு குட்டியைத் தூக்கிவந்து அந்தப் பெயரைச் சூட்டினான். "ஒரு வேலையும் செய்ய மாட்டான், ஆனா எல்லாரையும் மேற்பார்வை பாப்பான். வேற என்ன பேர் வைக்கறது?" என்று கேட்டான். அண்ணன் ஒரு மாதம் தம்பியோடு பேசவில்லை. அப்புறம் பேசினார். நாயோடு மட்டும் கடைசிவரை ராசியாகவில்லை.

இப்போது அந்தத் தம்பி இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. மாடியில் மிச்சமிருந்தது அவன் மனைவியும், நாயும், கதவோரம் அவன் கழற்றி வைத்த பழுப்பு ஷூ ஜோடியும்தான். அந்த ஷூவை யாருக்காவது கொடுத்துவிடு, குப்பையிலாவது போடு என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். "இருக்கட்டும்" என்பதற்கு மேல் அவள் பதில் சொன்னதில்லை.

நாய் அதன்மேல் மோவாயை வைத்துத் தூங்கும். சாயங்காலம் கேட் திறந்து காலடிச் சத்தம் கேட்டால் படியில் உருண்டு புரண்டு கீழே ஓடும். பிறகு மெதுவாக ஏறிவந்து மறுபடி ஷூவின்மேல் தலையைச் சாய்க்கும். அந்த ஜோடியில் ஒரு பல்கூடப் பட்டதில்லை. மூத்தாரின் புது ஷூவைத்தான் அது தின்றது.

வலது கால் ஷூ. குதிகாலைப் பிடித்து நிற்கும் பின்சுவர் முழுதும் போயிருந்தது. மென்று துப்பிய கரும்புச் சக்கைபோல நார் நாராகத் தொங்கியது. மூத்தார் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை குடோன்காரர் வர்றார். காவலுக்கு ஒரு நாய் வேணுமாம் அவருக்கு. சங்கிலியோட அனுப்பிடலாம்."

"வாயில்லா ஜீவன் அத்தான்."

"வாயில்லாமத்தான் இதைத் தின்னுச்சா?"

நாய் படியில் உட்கார்ந்து இருவரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் சரி பண்ணித் தர்றேன்" என்றாள்.

"எதை, நாயையா?"

"ஷூவை. நீங்க காலில போட்டு நடக்கற மாதிரி பண்ணித் தந்தா நாய் இருக்கும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

கிழிந்ததை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார். ஆகாத காரியம் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. "சரி. பாப்போம்" என்றார்.

அவளுக்குத் தையல் தெரியாமல் இல்லை. கார்களுக்கு சீட் உறை தைக்கும் பட்டறையில் வேலை. அதனால் தெருவில் சீட்டுக்காரி என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் அவள் சீட்டாடுகிறவள் என்று நினைத்துக் கொஞ்ச நாள் ஒதுங்கிப் போவார்கள். அவள் திருத்த மாட்டாள். ஒதுங்கிப் போனால் அவளுக்கென்ன நஷ்டம்?

ஆனால் ஷூ வேறு, சீட் வேறு. பஸ் நிறுத்தத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோனாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாய்தானே? எலின்னா பசிக்குக் கடிக்கும். இது ரசிச்சுச் சாப்பிட்டிருக்கு."

"சரி பண்ண முடியுமா அண்ணே?"

"உள்ளே தாங்கற அட்டை நான் தர்றேன். மேல்தோல் இந்தக் கலர்ல எங்கிட்ட இல்லம்மா. கறுப்பை வெச்சுத் தைச்சா குதிரைக்கு எருமை வால் ஒட்டின மாதிரி இருக்கும். வீட்டுல இதே கலர்ல பழைய ஷூ கிடந்தா அதை அறுத்துப் போடலாம். இருக்கா?"

அவள் பஸ் வரும் பக்கம் பார்த்தாள். அவள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போயும்விட்டது.

"இருக்கு" என்றாள்.

மறுநாள் கணவனின் ஷூவில் வலதை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனாள். மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் தன் மேசையில் அதை வைத்தாள். உள்ளே அவன் குதிகால் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. கத்தியை வைத்த இடத்தில் கை நின்றது. யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் தோளிலிருந்து இறங்கி விரலுக்கு வந்தது.

"அக்கா, அது வீட்டுக்காரர் ஷூ இல்ல?" என்றாள் பக்கத்து மேசையில் ஸ்பாஞ்ச் வெட்டுகிறவள். "அதையா அறுக்கறீங்க? மனசு வருதா?"

"போன வாரம் குப்பையில போடச் சொன்னது நீதானே?"

"குப்பையில போடறது வேற, அறுக்கறது வேற இல்லயா?"

"குப்பையில போட்டா யாருக்கு என்ன லாபம்? அவர் இனிமே இதைப் போட மாட்டார். அவர் கொண்டுவந்த நாய் இருக்கணும். நீ சோத்தைத் தின்னு."

அறுத்தாள். பின்பக்கத் தோல் முழுசாகக் கையில் வந்தது. ஓரங்களைச் சீவி மெலிதாக்கினாள். கிழிந்த நாரையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, செருப்பு தைப்பவர் கொடுத்த அட்டையைத் தண்ணீரில் நனைத்து வளைத்து, சொல்யூஷன் தடவி ஒட்டினாள். அதன்மேல் தோல். குதிகால் வளைவுக்குள் மெஷின் ஊசி போகாது. மெழுகு தடவிய நூலைக் கோணூசியில் கோத்து ஒவ்வொரு தையலாகக் கையால் இழுத்தாள். ஊசி ஒருமுறை கட்டைவிரலில் ஏறியது. விரலைச் சூப்பிக்கொண்டே அடுத்த தையலைப் போட்டாள். அன்று முடியவில்லை. அடுத்தடுத்த நாள் மதியமும் அவளுக்குச் சாப்பாடு பாதிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷூவை முற்றத்தில் கொண்டுவந்து வைத்தாள். நாயின் கழுத்துக் கயிறு அவள் கையில் சுற்றியிருந்தது.

மூத்தார் ஷூவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஒட்டு தெரியுதே."

"ஒட்டுன்னா தெரியத்தான் செய்யும். நடக்கற மாதிரின்னுதான் பேச்சு. புதுசு மாதிரின்னு இல்ல."

கட்டைவிரலால் தையலைத் தடவினார். இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. "தோல் அச்சு அசலாச் சேர்ந்திருக்கு. எங்க புடிச்சே?"

"அவரோடது."

ஓரகத்தி வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். மூத்தார் ஷூவைச் சட்டென்று கீழே வைத்தார், சூடுபட்டதுபோல.

"அவன் ஷூவை அறுத்தா என் ஷூவுக்குப் போட்டே? ஒரு நாய்க்காக?"

"ஆமா."

"இதை எப்படி நான் கால்ல போடுவேன்? வேணாம். குடோன்காரர் வந்ததும் நாயை அனுப்பிடறேன். இது எங்கப்பா கட்டின வீடு. நான் சொல்றதுதான்."

"நாய் போகாது அத்தான்."

"என்ன?"

"போகாதுன்னேன். அது போகணும்னா நானும் கூடவே போறேன், அந்தக் குடோனுக்குக் காவலுக்கு. ரெண்டு சங்கிலியா எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் இத்தனை வார்த்தை பேசியதில்லை. தங்கமான பிள்ளை, வாயில்லாப் பூச்சி என்று இந்த வீட்டில்தான் அவளைப் புகழ்வார்கள். ஆரம்பித்தபின் நிறுத்தத் தோன்றவில்லை.

"அது உங்க ஷூவை ஏன் தின்னுச்சுன்னு கேட்டீங்களா? உங்களுக்கும் அவருக்கும் ஒரே நடை. குதிகாலை முதல்ல ஊனி, அப்புறம்தான் பாதத்தைப் போடுவீங்க. டக்கு, தட்டு. அவர் போனதுக்கப்புறமும் தினம் சாயங்காலம் கேட்டுல அந்தச் சத்தம் வருது. வந்துட்டார்னு அது ஓடுது. போய்ப் பார்த்தா நீங்க. தினமும் நீங்க."

மூத்தார் தன் கால்களைப் பார்த்தார்.

"நானும்தான் கைவேலையை விட்டுட்டுத் தலையைத் தூக்கறேன். தினமும் நீங்கதான். அது கடிச்சுடுச்சு, நான் கடிக்கல. எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்."

ஓரகத்தி துண்டை எடுத்து வாயில் வைத்தாள். இந்தமுறை சிரிப்புக்காக அல்ல.

மூத்தார் படியில் உட்கார்ந்தார். இடது ஷூவைப் போட்டார். வலதை எடுத்து, உள்ளே கையைவிட்டுத் தடவி, மெல்லக் காலை நுழைத்தார். நாடாவை முடிய அவருக்கு நேரமாயிற்று. எழுந்து கேட் வரை போய்த் திரும்பி வந்தார். டக்கு, தட்டு. கயிறு அவள் கையை இழுத்தது. அவள் விட்டுக்கொடுத்தாள். நாய் போய் வலது ஷூவின் பின்பக்கத்தை மோந்தது. சுற்றி வந்து இன்னொரு தடவை மோந்தது. பிறகு அவர் காலின்மேலேயே மோவாயை வைத்துப் படுத்துவிட்டது.

அவர் நகரவில்லை.

"கொஞ்சம் இடிக்குது" என்றார்.

"பழகிடும் அத்தான்."

அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டில் ஒரு வண்டி நின்றது. குடோன்காரர் கையில் சங்கிலியோடு எட்டிப்பார்த்தார். நாயின் பெயரை எங்கோ கேட்டு வைத்திருப்பார்போல.

"சார், மேனேஜரைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மூத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டார். காலை அசைக்காமல், உடம்பை மட்டும் கேட் பக்கம் திருப்பினார்.

"மேனேஜர் நான்தாங்க. எங்கயும் வர்ற மாதிரி இல்லை."

குடோன்காரர் சங்கிலியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓரகத்தியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. துண்டையும் மீறி வந்த சிரிப்பு மாடிவரை கேட்டது.

சீட்டுக்காரி கையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து, முற்றத்துக் கொடியில் மாட்டிவிட்டு, மாடியேறினாள். கதவோரம் இடது ஷூ மட்டும் இருந்தது. அதை அவள் நகர்த்தவில்லை.