பதிலுக்கு ஒரு சாமான்

நான் பிறந்த தெருவிலேயே ரிப்பேர் கடை போடப் போகிறேன் என்று சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பாதியில் கையைக் கழுவிவிட்டார். அவர் பயந்ததில் தப்பில்லை. வாடகைக் கார்க்காரர்கள் எங்கள் தெருமுனையோடு இறக்கிவிட்டு, யாரோ துரத்துகிற மாதிரி வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுவார்கள். தண்ணீர் மோட்டாரில் தொடங்கி வாசலில் கழற்றிய செருப்பு வரை எதுவும் தங்காது என்று பெயர் வாங்கிய தெரு அது. பாதி உண்மை, மீதி கண் காது மூக்கு வைத்துச் சொன்னது.

"உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்றார்.

"கிடைக்குது. ஆனா அங்கெல்லாம் ஏற்கெனவே ரிப்பேர் கடை இருக்கு. எங்க தெருவுல ஒண்ணுகூட இல்ல."

"ஏன் இல்லைன்னு யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

பதினோரு வருஷம் நான் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவள். பேர்தான் சர்வீஸ். "சரி பண்ணாதம்மா, புதுசு வாங்கச் சொல்லு" என்பதுதான் மேலாளர் தினமும் ஓதும் மந்திரம். நல்ல மிக்ஸியைத் திறந்து பார்த்து, "இது தேறாதுங்க" என்று பொய் சொல்லிச் சொல்லி என் நாக்கே கசந்துவிட்டது. அதனால் வீட்டுக்காரரிடம் இரண்டு மாதம் கேட்டு வாங்கினேன். அதற்குள் கடை சொந்தக் காலில் நிற்காவிட்டால், வாயை மூடிக்கொண்டு பழைய நாற்காலிக்கே போய்விட வேண்டும். மேலாளரும் அதைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார்.

கடைக்குப் பாதுகாப்பு முழுக்க வீட்டுக்காரர் ஏற்பாடு. இரும்புக் கம்பிக் கதவு, அதில் மூன்று பூட்டு, வாசலைப் பார்க்க ஒரு கேமரா, கம்பிக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு சாமான் மட்டும் நுழைகிற மாதிரி சதுரமாக ஒரு ஓட்டை. எதிர்க்கடைக் கறிக்கடைக்காரர் வந்து நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, இதுல உள்ள இருக்கற நீயா, வெளிய இருக்கற நாங்களா, யாரு கைதி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் ஆளாக வந்தவர் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் குரலில் பிரம்பு இருந்தது. அவருடைய மிக்ஸி மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருளான காயில் கருகிப்போயிருந்தது.

"புதுசா காயில் சுத்தி வார்னிஷ் போடணும் டீச்சர். காயவே ஒரு நாள் ஆகும். வச்சுட்டுப் போங்க, நாளன்னைக்குத் தரேன்."

டீச்சர் ஓட்டைக்குள் கையை விட்டு மிக்ஸியை வெளியே இழுத்து, இடுப்பில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டார். "வச்சுட்டெல்லாம் போக முடியாது. நீ என் கண்ணு முன்னாடி சுத்து. நான் உக்காந்திருக்கேன்."

அவர் மட்டுமா? பக்கத்துக் கடைத் தையல்காரம்மா அயர்ன்பாக்ஸோடு வந்து அதையே சொன்னார். கறிக்கடைக்காரர் ஃபேனோடு வந்து, பார்ட்ஸ் வாங்கி வர வேண்டும் என்றதும் ஃபேனோடு திரும்பிவிட்டார். பத்து நாளில் நான் மாட்டிக் கொடுத்தது நாலு ப்ளக். தாங்க முடியாமல் ஒரு நாள் கறிக்கடைக்காரரை நிறுத்திக் கேட்டேன்.

"உனக்குத் தெரியாதும்மா," என்றார். "ஆறு வருஷம் முன்னாடி ஒருத்தன் இதே மாதிரி கடை போட்டான். தெருவே கொண்டுபோய்க் குடுத்துச்சு. ஒரு நாள் காலைல பாத்தா கடை காலி. பதினேழு மிக்ஸி, ஒம்பது ஃபேன், தையல்காரம்மாவோட மெஷின் மோட்டார் எல்லாத்தையும் சுருட்டிட்டான். நம்ம தெருவுலயே வந்து கை வச்சவன் அவன் ஒருத்தன்தான். அவனும் இப்படித்தான் கம்பிக்கு உள்ள உக்காந்திருப்பான்."

நாங்கள் தெருவைப் பார்த்து மூன்று பூட்டுப் போட்டிருக்கிறோம். தெரு எங்களைப் பார்த்துச் சாமானை மடியில் கட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது.

"நான் இந்தத் தெருவுலயே பொறந்தவ!"

"அதான்மா பயமே," என்றார்.

வழி சொன்னது டீச்சர்தான். சுவரில் மாட்டியிருந்த என் கடிகாரத்தைக் காட்டி, "மிக்ஸி உன்கிட்ட இருக்கற வரைக்கும் அது என்கிட்ட இருக்கட்டும். ரெண்டு பக்கமும் சமம்," என்றார். கழற்றிக் கொடுத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் இந்தச் சமன்பாடு தெரு முழுக்கப் பரவிவிட்டது. கறிக்கடைக்காரர் ஃபேனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரருடைய ஹெல்மெட்டைக் கொண்டுபோனார். தையல்காரம்மா வாசல் கேமராவைக் கேட்டு வாங்கித் தன் அடுப்பு மேல் வைத்துக்கொண்டதில், திருடனைப் பார்க்க வேண்டிய என் வீட்டுக்காரர் தன் போனில் தினமும் பத்து மணிக்கு அவர்கள் வீட்டில் காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குக்கர் போயிற்று. குடை போயிற்று. சாமானைச் சரிசெய்து கொடுத்ததும் பிணை திரும்பி வரும்தான், ஆனால் பார்ட்ஸ் வர ஒரு வாரம் ஆனால் என் குக்கருக்கும் ஒரு வாரம் வனவாசம். அதைவிடப் பெரிய தொல்லை, வீட்டில் எத்தனை சாமானோ அத்தனை வேலைதான் எடுக்க முடியும். அந்தக் கணக்கில் எந்தக் கடையும் நிற்காது.

இரண்டு மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. கடையில் வீட்டுக்காரர் உட்காரும் நாற்காலியும் அன்று காலை பிணைக்குப் போய்விட்டிருந்தது.

"இதுக்குப் பேரு கடை இல்ல, வீடு காலி பண்றது," என்றார் தரையில் உட்கார்ந்தபடி. "திங்கக்கிழமை வரேன்னு உங்க மேலாளருக்குச் சொல்லிடு."

மேலாளர் நம்பரைத் தேடப் போனை எடுத்தேன்.

அப்போதுதான் பூனை வந்தார். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் ஓசைப்படாமல் கூரையேறி இறங்கியவர். இரண்டு முறை உள்ளே போய் வந்தவர். இப்போது நாலு வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறார். கையில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. அவரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் மூன்று பூட்டையும் மனசுக்குள் எண்ணினார்.

"கொழந்த தூங்க மாட்டேங்குதுக்கா, சூடு. கொஞ்சம் பாருங்க," என்றார்.

திறந்து பார்த்தேன். காயில்தான். ஒரு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு, பிணையாகக் கொடுக்க எதையாவது தேடினேன். சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. கடைசியில் இடுப்பிலிருந்த கடைச் சாவியை எடுத்து ஓட்டை வழியாக நீட்டினேன். பின்னால் என் வீட்டுக்காரர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

பூனை நெருப்பைக் கண்டவர் போலப் பின்னால் போனார். "ஐயோ, வேணாங்கா! அது என் கையில இருந்தா, எங்க எது காணாமப் போனாலும் என் தலையிலதான் விழும். எனக்கு எதுவும் வேணாம். நாளைக்கு வரேன்."

"சும்மா நம்பி விட்டுட்டா போறீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க கழட்டின ஸ்க்ரூ எல்லாத்தையும் தட்டுல வரிசையா வச்சிருக்கீங்க. எது எங்கேந்து வந்துச்சோ அந்த வரிசையில. எடுத்துட்டு ஓடறவன் அப்படி வைக்க மாட்டான்கா. எனக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து, ரிப்பேருக்குக் கொடுத்திருந்த கிரைண்டரை வாங்க வந்த டீச்சர் இதையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் ஒன்று விழுந்தால் தண்டோரா தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் கறிக்கடைக்காரர் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"பாம்பின் கால் பாம்பறியும்னு சொல்லுவாங்க. பூனையே சொல்லிட்டான், அப்புறம் எங்களுக்கு என்ன? இந்தாம்மா, இன்னொரு ஃபேன் இருக்கு. பதிலுக்கு ஒண்ணும் வேணாம்."

குக்கர் வந்தது. நாற்காலி வந்தது. தையல்காரம்மா கேமராவைத் துடைத்துக் கொடுத்தார். மறுநாள் மத்தியானத்துக்குள் இருபத்துமூன்று சாமான் சேர்ந்துவிட்டது. ஓட்டை வழியாக வாங்கி மாளாமல் கம்பிக் கதவையே விரியத் திறந்து வைத்தேன். பிறந்த இடத்தில் நல்ல பேர் வாங்க எனக்கு ஒரு முன்னாள் திருடருடைய சிபாரிசு தேவைப்பட்டது. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. சந்தோஷம் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் பூனை ஃபேனை வாங்க வந்தார். போட்டுக் காட்டினேன். சத்தமில்லாமல் சுற்றியது. கதவு திறந்திருந்தும் அவர் வாசற்படிக்கு வெளியேயே நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து அவரிடம் போனார்.

"கடைக்கு உள்ள பெயிண்ட் அடிக்கணும். என்ன கலர் நல்லாயிருக்கும்?"

"உள்ளயா சார்?" என்றார் பூனை. "எனக்கு வெளிச் சுவருதான் குடுப்பாங்க. உள்ள யாரும் விட்டதில்ல." பிறகு கொஞ்சம் யோசித்து, "ரெண்டு நாள்ல காலி பண்றீங்கன்னு சொன்னாங்களே, எதுக்கு சார் வீண் செலவு?" என்றார்.

"யாரு சொன்னது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "உள்ள வந்து அளந்து பாருங்க."

நான் ஸ்க்ரூத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்திருந்தால் அழுதிருப்பேன். பூனை செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.