கீழே போன கன்டெய்னர்

சுபிக்ஷா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே வைதேகிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. வங்காளத்துக் கிடர்பூரில், துறைமுகத்துக்கு வந்திறங்கும் கன்டெய்னர்களை கஸ்டம்ஸில் காட்டி வெளியே எடுத்துக் கொடுக்கும் சின்ன ஏஜென்சி அது. எக்செல்லில் எந்தச் சந்தேகம் வந்தாலும் வைதேகி-தியை, அதாவது வைதேகி அக்காவைக் கேள் என்பதுதான் அங்கே வழக்கம். இப்போது எல்லோரும் கோயம்புத்தூரிலிருந்து வந்த இந்தச் சின்னப் பெண்ணின் மேஜைக்குத்தான் போகிறார்கள். அவளும் நாலு பொத்தானைத் தட்டிவிட்டு, வேலை முடிந்ததென்று ஜால்முரி என்கிற மசாலாப் பொரி வாங்கக் கீழே இறங்கிவிடுவாள். முதலாளி சைதன்யா பாபு அதைப் பார்த்துச் சிரிப்பார். தன்னைப் பார்த்து அவர் எப்போது சிரித்தார் என்று வைதேகி யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

நியூ டவுனில் புதுக் கிளை திறக்கப் போகிறார்கள். அதன் பொறுப்பாளர் நாற்காலி வைதேகிக்கு வேண்டும். வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை, கேட்காமலே கிடைக்க வேண்டும் என்று வீம்பு. ஆபீஸ் முழுக்கவோ சுபிக்ஷாதான் போவாள் என்று பேச்சு.

துறைமுகத்தில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு கெடு தேதி உண்டு. தாண்டினால் அபராத வாடகை. அதனால் கெடு முதலில் முடிவதைப் பட்டியலில் மேலே வைத்து அனுப்புவார்கள், மேலிருந்து ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றுவார்கள். வைதேகியின் பட்டியல் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் பிசகியதில்லை. எப்படிப் பிசகும்? அவள்தான் தானாக வரிசைப்படுத்தும் ஸார்ட் பொத்தானைத் தொடுவதே இல்லையே. ஆரம்பத்தில் ஒருமுறை தொட்டுப் பார்த்து, வரிசை தாறுமாறாகிப் போனதில் மிரண்டவள். அன்றிலிருந்து யாரும் வருமுன் ஆபீசுக்கு வந்து, ஒவ்வொரு வரியாக வெட்டி ஒட்டி, கண்ணால் பார்த்தே அடுக்கிவிடுவாள். இது ஒருவருக்கும் தெரியாது.

அந்த வாரம் சைதன்யா பாபு ஒரு மாற்றம் செய்தார். கெடு தேதிகளை இருவரும் பதிவது, அடுக்கி அனுப்புவது மட்டும் சுபிக்ஷா. வைதேகி பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பட்டியலை எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூஜைப் பந்தல் விளக்குகள் வந்த கன்டெய்னர் அடியில் கிடந்தது. அதன் கெடு அன்று மாலையோடு சரி. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வைதேகி சொல்லவில்லை. வரட்டும், சாயங்காலம் சைதன்யா பாபு எப்படிச் சிரிக்கிறார் பார்க்கலாம் என்று டீயை உறிஞ்சினாள். அன்றைக்கு டீ கூட ருசியாக இருந்தது.

டீ முடிவதற்குள் சுபிக்ஷாவே வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இந்த ஸார்ட் சண்டித்தனம் பண்ணுதுங்க்கா. நடுவுல காலி வரி இருக்கான்னு பாத்தேன், முழு ஷீட்டையும் செலக்ட் பண்ணிப் பாத்தேன். இன்னைக்குத் தேதியெல்லாம் அடியில போய் உக்காந்துக்குது. உங்க பட்டியல் மட்டும் எப்படிங்க்கா தப்பே வரதில்ல? நிஜமாவே எனக்குப் பொறாமையா இருக்கு."

வைதேகிக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பொறாமையா? இவளுக்கா? என்மேலா? சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. முதலில் விளக்குக் கன்டெய்னரை எடுக்கச் சொல்லி துறைமுகத்து ஆளுக்கு போன் செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ஸார்ட் பண்றதே இல்லைடி. கையாலதான் நகத்தறேன். ஆனா ஒண்ணு, அடியில கிடக்கறதெல்லாம் நான் அடிச்ச தேதி."

சுபிக்ஷா குனிந்து பார்த்தாள். வைதேகியின் அப்பா பேங்க் ஆபீசர், தேதியை எப்போதும் நடுவில் புள்ளி வைத்தே எழுதுவார். மகளுக்கும் அதே பழக்கம். சுபிக்ஷா வைப்பதோ சாய்கோடு. புள்ளி வைத்ததைக் கம்ப்யூட்டர் தேதியாகவே மதிக்காமல், வெறும் எழுத்தென்று கடைசியில் தள்ளிவிட்டிருந்தது. வழக்கமாகத் தேதி கட்டத்தின் வலப்பக்கமும் வெறும் எழுத்து இடப்பக்கமும் ஒதுங்கும்; அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தியிருந்ததால் அந்த வித்தியாசம் கண்ணில் படவில்லை. அந்தத் தேதிப் பத்தியில் மட்டும் புள்ளிகளைச் சாய்கோடாக மாற்றி மறுபடி பொத்தானைத் தட்டினாள் சுபிக்ஷா. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் வரிசையாக நின்றன. தன் அத்தனை காலை வேளைகளும் அந்த ஒரு தட்டலுக்குள் போய்விட்டதை வைதேகி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் சைதன்யா பாபுவிடம் சுபிக்ஷா நடந்ததைச் சொன்னாள், தேதியைக் கண்டுபிடித்தது அக்காதான் என்றும் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. வைதேகி இருக்கும்வரை கிடர்பூரைப் பற்றிக் கவலையில்லை, நியூ டவுனுக்கு அவளை நினைத்துப் பார்க்காததே அதனால்தானே, அவள் போய்விட்டால் இந்தப் பட்டியலை யார் அடுக்குவது என்றார்.

வைதேகி எழுந்தாள். கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். வரிகளை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அந்தப் பொத்தானைத் தொட்டாள். வரிசை சரியாக வந்து நின்றது. இத்தனை நாள் தான் கையால் நகர்த்திய கதையையும் ஒளிக்காமல் அவருடைய வங்காள மொழியில் சொன்னாள்.

"இனிமே இதை யார் வேணும்னாலும் பண்ணலாம், சார். நியூ டவுனுக்கு என் பேரையும் எழுதிக்கோங்க."

சைதன்யா பாபு அவளைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் நின்ற சுபிக்ஷாவும் சிரிக்கப் பார்த்தாள், உதடு பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பாதிச் சிரிப்பை வைதேகிக்கு நன்றாகத் தெரியும். சுபிக்ஷா வந்த நாளிலிருந்து அதைத்தான் தானும் முகத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்தாள்.