பூட்டு தொங்காத பாதி

நாளைக்குள் இயற்பியல் ப்ராஜெக்டுக்கு ஒரு யோசனை சொல்லியாக வேண்டும். சின்னவள் காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழத்தை வைத்து விளக்கு எரிய வைக்கலாமா என்றால், "பழத்தை வீணாக்காத" என்றாள் அம்மா. மெழுகுவத்தி என்றால், "வீட்டைக் கொளுத்திடாத." இந்த அம்மாவை வைத்துக்கொண்டு அறிவியல் வளர்ந்த மாதிரிதான்.

போன வருஷம் வரை இந்தத் தலைவலியே இல்லை. இரட்டையரில் பெரியவள்தான் யோசனை சொல்வாள். வேலையை ஆளுக்குப் பாதியாகச் செய்வார்கள். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் பெரியவளைக் கொண்டுபோய்விட்டது. அவள் கட்டில் மட்டும் அறையில் கிடந்தது. "பாக்கும்போதெல்லாம் அவ படுத்திருக்கிற மாதிரியே இருக்கு" என்று அம்மா பழைய சாமான் வாங்குபவரிடம் சொல்லிவிட்டாள். இன்று சாயங்காலம் வந்து எடுத்துப்போவார். வேண்டாம் என்று சின்னவள் எவ்வளவோ கெஞ்சியும் எடுபடவில்லை.

கடைசியில் ஊசலைத் தேர்ந்தெடுத்தாள். ஒரே நூலில், ஒரே நீளத்தில் இரண்டு ஊசல்களைத் தொங்கவிட்டு ஒன்றை ஆட்டினால், அது மெல்ல நின்று மற்றது ஆடும். பிறகு ஆட்டம் முதலாவதற்கே திரும்பி வரும். இரண்டு கட்டில்களின் தலைமாட்டுக் கம்பிகளுக்கும் நடுவே நூலை இழுத்துக் கட்டினாள். தன் பாதியில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டாள். மறு பாதியைப் பழக்க தோஷத்தில் பெரியவளுக்கு விட்டுவிட்டாள். பூட்டை ஆட்டிவிட்ட பிறகுதான் தன் மடத்தனம் உறைத்தது.

ஆனால் பூட்டின் ஆட்டம் சீக்கிரமே குறைந்து, அசையாமல் நின்றது. பிறகு தானாக ஆடத் தொடங்கியது.

மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. பூட்டு மறுபடி நின்றபோது வெறும் பாதியைப் பார்த்தாள். அங்கே நூல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்துகொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"ஆள் வண்டியோட வந்தாச்சு. நூலை அவுரு" என்றபடி அம்மா உள்ளே வந்தாள்.

"கொஞ்சம் இரும்மா. இப்போ அவ முறை."

அம்மா திட்ட வாயெடுத்தாள். அதற்குள் நின்றிருந்த பூட்டு ஆடத் தொடங்கியது. வேகம் பிடித்தது, தளர்ந்தது, நின்றது. அம்மா நூல் அசைந்த இடத்துக்குக் கீழே கையை நீட்டினாள். எதுவோ பட்டதுபோல் அவள் முகம் மாறியது. விரல்கள் மெதுவாக மூடிக்கொண்டன.

நூலின் அசைவு நின்றது. பூட்டு திரும்ப ஆடவில்லை.

"விடும்மா. நீ பிடிச்சுக்கிட்டா அவ எப்படி என்கிட்ட வருவா?"

வெளியே பழைய சாமான்காரர் கதவைத் தட்டினார். அம்மா பெரியவளின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"விட மாட்டேன்" என்றாள். மூடிய கையை அவள் திறக்கவே இல்லை.