கிளட்ச் இறுகியிருந்த நாட்கள்

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவில், தங்கவேலின் வீட்டை ஒட்டி, ஒரு காலத்தில் வலைகளைப் போட்டு வைத்திருந்த கொட்டகையில், சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையைத் தடவுகிற மாதிரி உயரம். துபாயில் வேலை பார்க்கும் அவருடைய மகன் மோகன்குமார் ஒரு லீவில் வந்தபோது சென்னையில் பழசாக வாங்கியது. சின்ன வயசிலிருந்தே அவனுக்கு அப்படி ஒரு வண்டி மேல் பித்து. லீவு முடிகிற வரைக்கும் அதை விட்டு இறங்கவில்லை. கிளம்பும்போது சாவியை அப்பாவின் கையில் வைத்தான்.

"வாரத்துக்கு ஒரு தபா எடுத்து ஓட்டு நைனா. நின்னே கெடந்தா வீணாப் பூடும்."

தங்கவேல் வாழ்நாளெல்லாம் பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு மீன் லாரி ஓட்டியவர். இப்போது காலையில் பக்கத்து வீட்டுச் சடையனின் படகில் நண்டு வலை எடுக்கப் போய்வருவதோடு சரி. லாரியின் உயரத்திலிருந்தே உலகத்தைப் பார்த்துப் பழகியவருக்கு அந்தக் காரில் உட்காருவது கிணற்றுக்குள் இறங்குவது போலிருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காட்டூர் வரை போய்த் திரும்புவார். வழியில் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய கிழவன் அதிலிருந்து தலையை நீட்டும்போது சிரிப்பார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் போன் பண்ணுவான்.

"வண்டி ஓடுச்சா நைனா?"

"ஓடுச்சுடா."

"சத்தம் கித்தம் எதுனா வருதா?"

"ஒண்ணும் இல்ல."

"சரி, வச்சிடறேன்."

அவ்வளவுதான். அவர் மனைவி வேலம்மா உயிரோடு இருந்தவரை இப்படி இல்லை. அவள் போனைக் காதில் வைத்தால் அடுப்பில் குழம்பு தீயும். யார் வீட்டில் கல்யாணம், எந்தப் பெண் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று அவளுக்கும் மகனுக்கும் பேச ஊர்ப்பட்ட கதை இருந்தது. "இந்தா, அவருகிட்ட குடுக்கறேன்" என்று அவள் போனை நீட்டும்போது பேச்செல்லாம் தீர்ந்து போயிருக்கும். அவள் போன பிறகு அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் மிஞ்சியது அந்தக் கார்தான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கவேல் வண்டியைக் கிளப்பிவிட்டுக் கிளட்ச்சை மிதித்தார். மிதி இறங்கவில்லை. இடுப்பை இருக்கையில் முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்து அழுத்தினால்தான் அடிவரை போனது. காலை எடுத்தாலும் உடனே மேலே வராமல் முனகிக்கொண்டே எழுந்தது. காட்டூருக்குப் பாதி வழியில் மாடுகள் குறுக்கே வந்து நிற்க, மிதித்து மிதித்து இடது முட்டி விண்ணென்று தெறித்தது. திரும்பிவிட்டார்.

அன்றைக்கு மகன் வழக்கம்போலக் கேட்டபோது, "கிளட்ச்சு கல்லு மாதிரி ஆயிடுச்சுடா" என்றார்.

"இன்னா சொல்ற? இரு, வீடியோல வரேன்."

அவன் முகம் திரையில் வந்தது. தங்கவேல் அதைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. கன்னம் ஒட்டி, முன் நெற்றி ஏறியிருந்தது. அவன் சொல்லச் சொல்ல, இவர் போனைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, காருக்குள் தலைகீழாகத் தொங்குகிற மாதிரிப் படுத்து, மிதிக்கு மேலே கையை விட்டார்.

"மேல கொக்கி மாதிரி கேபிள் மாட்டியிருக்கும். அத்த கழட்டு. கழட்டிட்டு மிதிய கையால அமுக்கு."

கழற்றினார். மிதி தொட்டில் போல லேசாக ஆடியது.

"அப்ப மிதில கோளாறு இல்ல நைனா. கேபிளா இருக்கும், இல்லாட்டி உள்ள கிளட்ச்சே போயிருக்கும். நான் இங்க கேட்டுச் சொல்றேன். நீ மிதிச்சு மிதிச்சு முட்டிய கெடுத்துக்காத."

முட்டியைப் பற்றி அவன் பேசியது அதுவே முதல் தடவை.

மறுநாள் சாயங்காலமே கூப்பிட்டான். அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டான். அங்கே தெரிந்த மெக்கானிக் ஒருத்தர் என்ன சொன்னார், உப்புக் காற்றில் கேபிள் உறைக்குள் எப்படித் துரு ஏறும் என்று ஆரம்பிக்கும் பேச்சு, கிளட்ச்சை விட்டு மெல்ல நழுவி வேறெங்கோ போனது. ஒருநாள் அவன் தட்டில் எதையோ பிசைந்தபடி பேசினான்.

"இன்னாடா சாப்புடற?"

"ரசம் சோறுதான். நானே வச்சேன். அம்மா வைக்கிற மாதிரி வரல."

"புளிய கம்மியா போட்டுப் பாரு" என்றார் தங்கவேல். தனக்குச் சமையல் பேச வரும் என்று அதுவரை அவருக்கே தெரியாது. அவன் அறையில் இன்னொரு கட்டில் காலியாக இருந்தது. கூட இருந்தவன் ஊருக்குப் போய்விட்டானாம். அவனும் தன்னந்தனியாகத்தான் சாப்பிடுகிறான் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

அந்த வாரக் கடைசியில் அனுப்பம்பட்டிலிருந்து மெக்கானிக் முனியன் வந்தான். பழைய கேபிளை உருவிப் போட்டான். உள்ளே இழை இழையாக அறுந்து, உறையோடு ஒட்டிக் கிடந்தது. அதையே அளவுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் புதுசு ஒன்று செய்து கொண்டுவந்து மாட்டி, அடியில் கிரீஸ் வைத்தான்.

"மிதிச்சுப் பாருண்ணே."

தங்கவேல் மிதித்தார். வெண்ணெயில் கால் வைத்த மாதிரி இருந்தது. முனியனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, மகனிடம் சொல்லலாம் என்று போனோடு வாசலில் உட்கார்ந்தார். ஏரி மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. போன் அடித்தது.

"எப்படி இருக்கு நைனா?"

சொல்ல வாயெடுத்தார். சொன்னால், "சரி, வச்சிடறேன்" என்பான்.

"இன்னும் கல்லு மாதிரிதாண்டா கீது" என்றார்.

மகன் பெருமூச்சு விட்டான். "சரி, விடு. பாத்துக்கலாம். நீ சாப்ட்டியா?"

அப்புறம் அது தினம் நடந்தது. மிதித்தால் 'கிர்ர்' என்கிறது என்றார். மழை பெய்தால் இன்னும் இறுகுகிறது என்றார். மகன் நம்பி, அங்கே இங்கே விசாரித்தான். ஒரு வெள்ளிக்கிழமை, தன் ஒரே லீவு நாளில், ஷார்ஜாவில் பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் சந்தையில் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி, அசல் கேபிளைத் தேடிப் பிடித்துவிட்டான். திரையில் அதைத் தூக்கிக் காட்டியபோது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நானே எடுத்துன்னு வரேன் நைனா. லீவு கேட்டுட்டேன். டிக்கெட்டும் போட்டாச்சு. என் கையாலயே மாத்தறேன்."

தங்கவேலுக்கு மகன் வருகிறான் என்ற குஷி ஒரு பக்கம், வந்து மிதித்துப் பார்ப்பானே என்ற பயம் ஒரு பக்கம். மறுநாள் காலையில் சடையனிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அனுப்பம்பட்டுக்குப் பஸ் ஏறினார்.

"முனியா, அந்தப் பழைய கேபிள திரும்ப மாட்டிக் குடுடா."

முனியன் கையைத் துடைத்தபடி அவரையே பார்த்தான். "அது காயலாங்கடைக்குப் போயே போச்சுண்ணே. இன்னாத்துக்கு அது?"

தங்கவேல் கடை வாசலில் கிடந்த டயர் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மகனுக்குத் தானே போன் போட்டார்.

"கிளட்ச்சு அன்னிக்கே சரியாயிடுச்சுடா. முனியன் வந்து மாத்திட்டான்."

"என்னிக்கு?"

"அது ஆச்சு, ரொம்ப நாளு."

 "இன்னாத்துக்கு நைனா? நான் வெயில்ல நாயா அலைஞ்சேனே" என்றான்.

"இல்ல கண்ணு, நீ டெய்லி..."  பஸ்ஸில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, வச்சிடறேன்."

அதோடு தினம் வந்த போன் நின்றது. சாயங்காலம் வந்தால் தங்கவேல் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நண்டு வலையின் சிக்கலை எடுப்பது போல உட்கார்ந்திருப்பார். ஒன்றுக்கு இரண்டு தடவை தானே கூப்பிடப் போய், விரலை எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தார். கிளட்ச் சுகமாக இருந்தது. காட்டூர் வரை போய் வந்து கொட்டகையில் விட்டபோது, ஓடியதா என்று கேட்க ஆளில்லை.

டிக்கெட் போட்ட தேதியில் மோகன்குமார் வந்து இறங்கினான். கேபிளைக் கொண்டுவரவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பையை வைத்ததும் கொட்டகைக்குப் போய்க் காரில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். கீழே குனிந்து, அடித்தகட்டில் கொப்புளம் கொப்புளமாக ஏறியிருந்த துருவை நகத்தால் சுரண்டினான்.

"இத்த இங்க வச்சது என் தப்பு நைனா. உப்புக் காத்து தின்னுடும். உனக்கும் இது ஒரு சுமை. நான்தான் யோசிக்காம உன் தலைல கட்டிட்டேன்."

"சுமை இன்னாடா" என்றார் தங்கவேல். 

சென்னையிலிருந்து ஒருத்தர் வந்து பார்த்து, பிடித்துப்போய், விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். அப்பாவும் மகனும் தெருமுனை வரை நடந்து போய், சிவப்பு மறையும் வரை பார்த்தார்கள். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டானா, தூசியா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வாரத்திலேயே அவனும் கிளம்பிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கவேலுக்குச் செய்ய வேலை இல்லை. கொட்டகையைப் பெருக்கினார். எண்ணெய்க் கறை மேல் மணல் அள்ளிப் போட்டார். மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

"சொல்லு நைனா. எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்ட்டேன்."

"சும்மாவா?" மகன் தடுமாறியது தெரிந்தது. "வேலைல கீறேன் நைனா. சாயங்காலம் கூப்பிடறேன்."

கூப்பிட மாட்டான் என்றுதான் நினைத்தார். ஆனால் கூப்பிட்டான். எப்படி இருக்கிறாய் என்று இவர் கேட்டார், நன்றாக இருக்கிறேன் என்றான். அங்கே வெயில் குறைந்திருக்கிறதா என்று கேட்டார், குறைந்திருக்கிறது என்றான். அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் ஏசி இரைவதும், தட்டில் கரண்டி உரசுவதும் கேட்டன. இவர் வாசற்படியில் உட்கார்ந்து, கரைக்கு வரும் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வச்சிடறேன் என்று அவனும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.