கூரையைத் தூக்கினால் வெள்ளிக்கிழமை

நாச்சிமுத்துவின் வண்டியில் கூரையைத் தூக்கினால் உள்ளே வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி. கூரையை இறக்கிவிட்டால் வெளியே என்ன கிழமையோ அதேதான் உள்ளேயும். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்பது நாச்சிமுத்துவின் கருத்து. அவருடைய கவலையெல்லாம் கூரையைத் தூக்கும் நான்கு ஸ்பிரிங்குகளில் ஒன்று துருப்பிடித்துக் கத்துகிறதே என்பதுதான்.

அது ஒரு பழைய பிக்கப். அதன் முதுகில் தகரத்தால் ஒரு பெட்டி வீடு. வீட்டுக்குள் ஒரு மெத்தை, ஓர் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. ஓடும்போது கூரை தாழ்ந்து பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். நிறுத்தி, நான்கு மூலைக் கொக்கிகளையும் கழற்றித் தூக்கினால் கூரை இரண்டடி மேலே போகும். சுற்றிலும் ரெக்சின் துணி விரிந்து சுவராக நிற்கும். உள்ளே ஆள் தலை இடிக்காமல் நடமாடலாம்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுத் தம்பதி அதில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். நாமக்கல் தாண்டி இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. இருவரும் நடுரோட்டில் சண்டை போட்டார்கள். பிறகு ஆளுக்கொரு பஸ்ஸைப் பிடித்து எதிரெதிர்த் திசையில் போய்விட்டார்கள். வண்டி பழைய இரும்புக் கடைக்கு வந்தது. அங்கிருந்து நாச்சிமுத்துவின் பட்டறைக்கு வந்தது.

நாச்சிமுத்து லாரிக்கு பாடி கட்டுகிறவர். அவர் கட்டிய லாரிகள் காஷ்மீர் வரைக்கும் போய் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு வந்தன. அவர் மனைவி பூவாத்தாள் கரூரைத் தாண்டியதில்லை. கடலைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள்.

"இந்த வண்டியச் சரி பண்ணிப் போட்டுப் போலாம் புள்ள."

"எப்பங்க?"

"ஆகட்டும்."

இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷத்தை ஓட்டிவிட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை. அடுத்தவன் லாரிக்குத் தேதி சொன்னால் அந்தத் தேதியில் லாரி வெளியே நிற்கும். வீட்டுக்குச் சொன்ன தேதிதானே, அது எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, இன்ஜின் ஒருவழியாக ஓடியது. சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்று சத்தியம் செய்தார். பூவாத்தாள் துணிப்பையைக் கட்டிக்கொண்டு வந்து, கூரையைத் தூக்கி உள்ளே உட்கார்ந்தாள். மூன்றரைக்கு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். ஒரு லாரியின் பின்கதவுக்கு இன்னும் கொஞ்சம் வெல்டிங் பாக்கி. "ஆகட்டும்" என்றார். ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தபோது அவள் உட்கார்ந்த வாக்கிலேயே போயிருந்தாள். பை மடியில் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு திங்கட்கிழமை அவர் கூரையைத் தூக்கினார். உள்ளே பூவாத்தாள் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாலாச்சுங்களா?"

"இன்னும் ஆவல" என்றார் நாச்சிமுத்து.

"அப்பச் சரி. உள்ள வந்து ஒக்காருங்க."

"ஆகட்டும். இந்த ஸ்பிரிங்கு கத்துது, அதைப் பாத்துட்டு வர்றேன்."

அன்றைக்குத் தொடங்கிய வேலை. இந்த முறை அவளைக் கடலுக்குக் கூட்டிப் போயே தீர்வது என்று முடிவு செய்துவிட்டார். வெளி லாரி ஒன்றையும் பட்டறைக்குள் விடவில்லை. அடித்தளத்துத் தகரம் அரித்திருந்தது, வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார். அடுப்புக் குழாயை மாற்றினார். பிரேக் மாற்றினார். கிழிந்த ரெக்சினைக் குடை தைக்கிறவரைக் கூட்டிவந்து தைக்க வைத்தார். அவரும் பூவாத்தாளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமைத் தண்ணீர் நல்லாச் சில்லென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூரையை இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருத்தர் கூரையை அமுக்க வேண்டும். உள்ளே ஒருத்தர் நான்கு பக்கத் துணியையும் இழுத்து மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் துணி மாட்டிக் கிழியும். தினமும் வேலை முடிந்ததும் நாச்சிமுத்து அமுக்குவார். பூவாத்தாள் உள்ளிருந்து மடித்துவிடுவாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் "ஆச்சுங்க" என்பாள். நாலாவது "ஆச்சுங்க" பாதியில் நின்றுவிடும், ஏனென்றால் கூரை மூடிவிடும், வெள்ளிக்கிழமையும் முடிந்துவிடும். அவர் கொக்கியை மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

கூரையில் ஒரு மூலையில் பொட்டு அளவுக்கு ஓர் ஓட்டை. அவளுடைய வெள்ளிக்கிழமையில் மழை கிடையாது. ஆனால் இவருடைய மழை அந்த ஓட்டை வழியாக அங்கே சொட்டியது. அவள் ஒரு கிண்ணத்தை வைத்துப் பிடித்தாள்.

"அங்க மழைங்களா?"

"ஆமா புள்ள. ஐப்பசி."

"அப்படீங்களா" என்று சந்தோஷப்பட்டாள்.

வண்டி தயாரானதும் ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆபீசின் வராந்தா அன்றைக்குக் கொஞ்சம் நீளமாக இருந்தது. நாச்சிமுத்து பத்து மணிக்கு ஒரு முனையில் நுழைந்தார். நடுவழியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டார். ஒரு தூக்கம் போட்டார். மறுமுனைக்கு வரும்போது மணி பத்தேகால். அங்கே இருந்த கிளார்க் பணிமூப்பில் பீரோ ஆகிவிட்டிருந்தார். கதவைத் திறந்து பதில் சொன்னார்.

"எத்தனை பேரு போறீங்க?"

"ரெண்டு பேருங்க. நானும் சம்சாரமும்."

"உசுரோட எத்தனை பேரு?"

"ஒருத்தருங்க."

"அது யாரு, நீங்களா, அவங்களா?"

நாச்சிமுத்து யோசித்தார். "நானுங்க."

"அத்தாட்சி?"

அவரிடம் அத்தாட்சி இல்லை. பீரோ கீழ்த்தட்டிலிருந்து ஒரு படிவத்தை நீட்டியது. மேற்படி நபர் இருக்கிறார் என்று அவரை ரொம்ப காலம் பார்த்தவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும்.

"சம்சாரம் போடலாங்களா?"

"தாராளமா. அவங்களவிட யாரு பாத்திருக்கப் போறாங்க?"

வாசலில் நின்ற வண்டியின் கூரையைத் தூக்கிப் படிவத்தை நீட்டினார். பூவாத்தாள் அவரைக்காயை ஒதுக்கிவிட்டு, ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினாள்: 'இவர் இருக்கிறார். இங்கே இருந்து பார்த்தால் தெரிகிறார். வேலையாக இருக்கிறார்.' நாச்சிமுத்து அதைப் படிக்காமல் மடித்துக்கொண்டு போய்க் கொடுத்தார். பீரோ படித்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டது.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து டேப் பிடித்தார்.

"ஆர்.சி. புக்குல ஒசரம் ஏழடி. இது ஒம்போதடி இருக்குது."

"கூரையத் தூக்கியிருக்கறேனுங்க."

"அப்ப இந்த வண்டி புக்குல இல்ல. இல்லாத வண்டிய ஓட்டக் கூடாது." அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "வணக்கமுங்க."

"வாங்க" என்றாள் பூவாத்தாள். "காப்பி வெக்கட்டுங்களா?"

"இல்லீங்க, டூட்டி." நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார். "எப்பத் தவறினாங்க?"

"மூணு வருசமாச்சுங்க."

"சின்ன வயசுதான்" என்று வருத்தப்பட்டார் இன்ஸ்பெக்டர். பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கூரை மேல் ஊற்றச் சொன்னார். மூலையில் சொட்டியது. "கூரைய எறக்கித்தான் ஓட்டோணும், அதோட இந்த ஒழுகலை அடைக்கோணும். ஒழுகற வண்டிக்கு முத்திரை கிடையாது. நாளைக்கு வாங்க."

பட்டறைக்குத் திரும்பி நாச்சிமுத்து ஓட்டை அடைக்கிற பேஸ்ட்டைக் குழைத்தார். பூவாத்தாள் கூரையின் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அது ஒண்ணு கெடந்துட்டுப் போகட்டுமுங்க."

"முத்திரை தரமாட்டான் புள்ள."

"எனக்கு உங்க பக்கத்துல இருந்து வர்றது அது ஒண்ணுதானுங்க."

நாச்சிமுத்து பேஸ்ட்டை வழித்து எறிந்தார். டீசல் டேங்க் ஒழுகினால் பட்டறைக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். துணி துவைக்கிற சோப்பை எடுத்து ஓட்டையில் அழுத்தித் தேய்த்துவிடுவார்கள். ரெண்டு நாளைக்குத் தாங்கும். அதையே செய்தார். மறுநாள் இன்ஸ்பெக்டர் வாளித் தண்ணீரை ஊற்றினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. சோப்பு வாசம் வந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. முத்திரை விழுந்தது.

புதன்கிழமை காலையில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். கூரையை அமுக்கினார்.

"ஆச்சுங்க" என்றாள் பூவாத்தாள். "ஆச்சுங்க. ஆச்சுங்க."

"பயப்படாத புள்ள. அங்க போயித் தூக்கீர்றேன்."

"எனக்கென்ன பயம். ஆச்சு..."

கொக்கியை மாட்டிவிட்டு, பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினார். முசிறியில் காவிரிப் பாலத்துக்கு அன்றைக்கு ஒரு கரைதான் இருந்தது. அதனால் என்ன, அவர் மறுபக்கம் இறங்கி வழக்கம்போலத் திருச்சி ரோட்டைப் பிடித்தார். தஞ்சாவூர் தன் இடத்தில் இருந்தது. கும்பகோணம் இரண்டு முறை வந்தது. வழியெல்லாம் அவர் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே புதன்கிழமைதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பள்ளம் வந்த இடத்திலெல்லாம் மெதுவாக இறக்கினார்.

தரங்கம்பாடியில் கடல் இருந்தது. மத்தியான வெயிலில் பளபளவென்று, யாரும் இல்லாமல், அவர்களுக்காகவே கழுவி வைத்த மாதிரி இருந்தது. நாச்சிமுத்து மணல் ஓரத்தில் வண்டியைத் திருப்பி, ஜன்னல் கடலைப் பார்க்கும்படி நிறுத்தினார். கொக்கிகளைக் கழற்றினார். கூரையைத் தூக்கினார். ஸ்பிரிங் கத்தவில்லை.

"நாலாச்சுங்களா?" என்றாள் பூவாத்தாள்.

"வந்துட்டோம் புள்ள! ஜன்னலத் தொறந்து பாரு!"

அவள் அவரைக்காய்த் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் துணியைச் சுருட்டினாள். வெகு நேரம் பார்த்தாள்.

"எப்படி இருக்குது?"

"பட்டறைதானுங்க தெரியுது."

"நல்லாப் பாரு. அலை வருது பாரு."

"ஒரு லாரி நிக்குது. நீங்க நிக்கறீங்க. மூஞ்சிக்கு முகமூடி போட்டுக்கிட்டுப் பின்கதவுக்கு வெல்டிங் வெக்கறீங்க."

நாச்சிமுத்து ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருந்தார். அவளுடைய முகத்துக்கும் அவருடைய முகத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவள் கண் அவரைத் தாண்டி எங்கேயோ இருந்தது.

"கூப்புட்டுப் பாரு" என்றார்.

"ஏனுங்க!" என்று அவள் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். காத்திருந்தாள்.

"என்ன சொன்னேன்?"

"ஆகட்டும்னீங்க."

அந்த வெள்ளிக்கிழமைப் பட்டறைக்காரன் அவர் கையில் கிடைத்திருந்தால் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்திருப்பார். லாரி எங்கேயும் போய்விடாதுடா, முட்டாளே. அவனோ முகமூடிக்குள் சௌக்கியமாக இருந்தான். நாச்சிமுத்து மணலில் நின்று வாய்விட்டு அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து வாளியை எடுத்தார்.

முப்பது எட்டு வைத்தால் கடல். வாளியை நிரப்பிக்கொண்டு வந்து, சக்கரத்தின் மேல் ஏறி, கூரை மூலையில் ஊற்றினார். சோப்பு கரையக் கொஞ்சம் நேரமானது. பிறகு உள்ளே சொட்டியது. பூவாத்தாள் உள்ளங்கையை நீட்டினாள்.

"நொரையா வருதுங்க."

"கடலுன்னா அப்படித்தான் இருக்கும்."

"சோப்பு வாசம் அடிக்குது."

"அதுவும் அப்படித்தான்."

அவள் சிரித்துவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவர் சொன்ன பொய் எல்லாம் அவளுக்குத் தெரியும். "இன்னொரு வாளி ஊத்துங்க."

இந்தத் தடவை கடல் அறுபது எட்டுத் தள்ளி இருந்தது. இரண்டாவது வாளியின் சொட்டை அவள் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புங்க!" என்று கத்தினாள். "ஏனுங்க, உப்பு!"

அப்படி ஒரு சந்தோஷக் குரலை அவர் கேட்டு எத்தனையோ வருஷம். அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. மூன்றாவது வாளிக்குக் கடல் ஒரு பர்லாங் தள்ளிப் போயிருந்தது. நாலாவது வாளியில் ஒரு சின்ன நண்டு வந்தது, ஆனால் ஓட்டையில் நுழையவில்லை. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் தேவலை என்று நினைத்துக்கொண்டார். சங்கு, பாசி, முடிந்தால் ஒரு முழு அலை. ஐந்தாவது வாளிக்கு அவர் நடந்தார், நடந்தார். திரும்பிப் பார்த்தபோது வண்டி தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசியதால் அவள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க, கடல் போதுமுங்க. பாத்தாச்சு. இங்க நாலாகப் போகுது. நீங்க வந்து சித்த எம் பக்கத்துல ஒக்காருங்க."

வாளி பாதிதான் நிறைந்திருந்தது. நாச்சிமுத்து அடுத்த அலைக்காகக் குனிந்தார்.

"ஆகட்டும்" என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கரை அந்த ஆபீஸ் வராந்தாவைப் போல நீண்டுகொண்டே போனது. வண்டியின் கூரை இன்னும் தூக்கித்தான் இருந்தது. அவர் ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் காதுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் துணியை உள்ளிருந்து இழுத்து மடிக்கிற சத்தம் கேட்டது.

"ஆச்சுங்க" என்றது பூவாத்தாளின் குரல்.