முழு இறக்கை

1987, பொங்கல் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையிலிருந்து சிட்டிபாபு கிளியைக் கொண்டுவந்தான். சைக்கிள் ஹேண்டில்பாரில் கூண்டு தொங்கியது. கூண்டின் மேல் அவனுடைய துண்டு.

செல்வமேரி துண்டை விலக்கிப் பார்த்தாள். இளங்கிளி. கழுத்தில் இன்னும் வளையம் விழவில்லை. மூலையில் ஒடுங்கி அலகைத் திறந்து வைத்திருந்தது.

“கத்திரிக்கோல் எடு அக்கா,” என்றான் சிட்டிபாபு. “சந்தைலயே றெக்கைய வெட்டித் தரேன்னான். நீ வோணாம்னு சொல்லிகினு இருந்தியேன்னு அப்டியே தூக்கியாந்தேன். இப்ப வெட்டிட்டுப் போறேன்.”

“இப்பவும் வேணாம்.”

“வெட்டலைன்னா நாளைக்கு உன் கிளி ஏரிக்கரைல இருக்கும். நீ வெறும் கூண்டுக்குக் கொய்யாப்பழம் வெச்சிகினு இருப்ப.”

சிட்டிபாபு அவள் கணவன் ஏசுபாதத்துடன் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்ப்பவன். ஏசுபாதம் நண்பனின் பக்கம்தான் நின்றான்.

“அவன் சொல்றதுல இன்னாமே தப்பு? பேபி வூட்ல வெட்டித்தான வெச்சிக்கீறாங்க. ஜம்முனு கீது.”

“பேபி வூட்டுது பேபி வூட்லயே இருக்கட்டும்.”

பேபி ஏசுபாதத்தின் தங்கை. கேளம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். கிறிஸ்துமசுக்கு அங்கே போயிருந்தபோது செல்வமேரி அவள் கிளியைப் பார்த்தாள். அது ஆமென் சொல்லும். வந்தவர்கள் எல்லாரும் சொல்லவைத்துக் கேட்டார்கள். மாலையில் கிளிக்கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே வீட்டைத் தாண்டிப் போனது. கட்டில் சட்டத்தில் உட்கார்ந்திருந்த பேபியின் கிளி எழும்பியது. தரையில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அது நடந்துபோய்க் கட்டில் காலைப் பிடித்து ஏறியது.

“நான் வளத்தா முழு றெக்கையோட வளப்பேன்,” என்றாள் செல்வமேரி.

“வளத்துக் காட்டுங்க அண்ணி. நானே பஸ் ஏறி வந்து பாக்கறேன்,” என்றாள் பேபி. அதற்கும் சிரித்தார்கள்.

சிட்டிபாபுவுக்கு டீ கிடைத்தது. கத்திரிக்கோல் கிடைக்கவில்லை.

கிளி தின்னவில்லை. கொய்யா வைத்தாள். ஊறவைத்த கடலை வைத்தாள். பழுத்த மிளகாய் வைத்தாள். ஏசுபாதம் கூண்டின் முன் குந்தி, “துன்னு கண்ணு, துன்னு ராஜா” என்று கம்பிக்குள் விரலை விட்டான். கடித்தது.

“ரத்தம் வந்துகீது பாரு! கிளியா இது, கட்டிங் பிளேயரு.”

“மூஞ்சிக்கு நேரா போயி குந்திகினா? நீ துன்றத யாராச்சும் குறுகுறுன்னு பாத்தா நீ துன்னுவியா?”

“நான் துன்னுவேன்.”

“நீ துன்னுவ.”

செல்வமேரி தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஆயா. பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாதவர்கள் வார்டில் உண்டு. ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள். தட்டை வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டிலின் விரிப்பை மாற்ற வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

கூண்டை வாசலிலிருந்து எடுத்து உள் மூலையில் வைத்தாள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசி புடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் கடலை உடையும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

“மேரி, துன்னுதுமே!” என்றான் வாசலில் நின்ற ஏசுபாதம்.

“வாய மூடுய்யா.”

அதன்பின் வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்துவாள். கூண்டைத் திறந்துவிட்டு முதுகைக் காட்டி உட்காருவாள். முதலில் கிளி கூண்டின் கூரைக்கு வந்தது. பிறகு டிரங்குப் பெட்டிக்கு. பிறகு தையல் மெஷினுக்கு. ஒருநாள் தோளில் எடை விழுந்தது. நகங்கள் ரவிக்கையைத் துளைத்தன. அவள் பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். முகம் மட்டும் மாறியது.

மறுநாள் வார்டில் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போனாள். தலைமை நர்சிடமும் சொன்னாள். அடுத்தநாள் நோயாளிகள் கேட்கத் தொடங்கினார்கள். “ஆயாம்மா, உன் புள்ளை இன்னிக்கு இன்னா துன்னுச்சு?”

“பேரு இன்னா வெக்கப்போற?” என்று கேட்டான் ஏசுபாதம்.

“அது இந்த வூட்டுதுன்னு அது சொல்லட்டும். அப்புறம் ஞானஸ்நானம் குடுக்கலாம்.”

மாலையில் பீர்க்கன்கரணை ஏரியின் மேல் கிளிக்கூட்டம் போகும். உள்ளேயிருந்து கிளி பதில் கத்தும். அந்த நேரத்தில் செல்வமேரி ஜன்னலையும் சாத்தினாள். அதை வார்டில் சொல்லவில்லை.

குருத்து ஞாயிறன்று பேபி வந்தாள். கோவளத்து மீன் கொண்டுவந்திருந்தாள். சாப்பாடு முடிந்து, சிட்டிபாபுவும் வந்து சேர்ந்தபின், செல்வமேரி கதவைச் சாத்திக் கூண்டைத் திறந்தாள். கிளி நேராக அவள் தோளுக்கு வந்தது. ஏசுபாதம் தங்கையைப் பார்த்தான்.

“நல்லாதான் கீது,” என்றாள் பேபி. “ஆனா கதவ சாத்திகினா எங்க வூட்டுக் கோழி கூட தோள்ல வந்து உக்காரும் அண்ணி.”

சிட்டிபாபு சிரித்தான்.

ஏசுபாதம் எழுந்தான். இறக்கையை வெட்டச் சொன்னது தான்தான் என்பது அவனுக்கு நினைவில்லை. “எங்க வூட்டுக் கிளி ஓடாது. பாக்கறியா? பாக்கறியா நீ?”

“யோவ், வேணாம். கூட்டம் வர்ற நேரம்,” என்றாள் செல்வமேரி.

அவன் இரண்டு கதவையும் அகலத் திறந்தான்.

கிளி பேபியின் தலைக்கு மேலே போனது. வாசலில் செருகியிருந்த குருத்தோலை ஆடியது. எதிர்வீட்டு முருங்கை மரத்தின் உச்சியில் உட்கார்ந்தது.

ஏசுபாதம் கொய்யாப்பழத்துடன் தெருவில் நின்று கூப்பிட்டான். சிட்டிபாபு துண்டை விரித்துப் பிடித்தான். “அன்னிக்கே தலைபாடா அடிச்சிகினேன். கேட்டாளா?” பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் விசிலடித்தார்கள். கிளி கிளைகளில் தாவிக்கொண்டிருந்தது.

ரயில்பாதைப் பக்கமிருந்து கிளிக்கூட்டம் வந்தது. கிளி ஒருமுறை கத்தியது. எழும்பிக் கூட்டத்துடன் சேர்ந்தது. ஏரியின் மேல் எல்லாம் சேர்ந்து திரும்பியபோது எது அவர்களுடையது என்று தெருவில் யாராலும் சொல்ல முடியவில்லை.

செல்வமேரி பார்த்துக்கொண்டு நின்றாள். அது பறந்து அவள் பார்த்தது அந்தச் சின்ன அறைக்குள்தான். அது இவ்வளவு வேகமாகப் போகும் என்று அவளுக்குத் தெரியாது. தலை நிமிர்ந்தே இருந்தது.

“போச்சு,” என்றான் ஏசுபாதம். குரல் இறங்கிவிட்டது. “மேரி, நீ கூப்டுமே. உன் கொரலுக்கு வரும்.”

“யாரும் கூப்ட வேணாம். எல்லாரும் உள்ள வாங்க.”

மணையைக் கொண்டுவந்து வாசற்படியில் போட்டாள். தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முருங்கைக்கீரையை மடியில் வைத்து ஆயத் தொடங்கினாள். எதிரே, அறைக்குள், பேபி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சிட்டிபாபுவும் ஏசுபாதமும் சுவரோரம் நின்றார்கள்.

“இன்னா அண்ணி இது? அது எங்க கீதுன்னு கூட பாக்க மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

“எங்களுது வேணா கொஞ்ச நாள் வெச்சிக்கோங்க. ஆமென் சொல்லும். எங்கயும் போவாது.”

செல்வமேரி ஒரு காம்பை உருவிப் போட்டாள். தெருவில் வெளிச்சம் குறைந்தது. கூட்டத்தின் சத்தம் தேய்ந்து நின்றது. ஏசுபாதம் வாயைத் திறந்தான். அவள் பார்த்ததும் மூடிக்கொண்டான். கீரை பாதிக்குமேல் ஆய்ந்தாகிவிட்டது. அவள் விரல்கள் மெதுவாகின. இலை கிழிந்தது. திரும்பவில்லை.

பேபி சிட்டிபாபுவிடம் பஸ் நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றாள். அவள் கண் செல்வமேரியின் தலைக்குமேல் வாசலுக்கு வெளியே எதையோ பிடித்தது. அந்தப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது.

காற்று பிடரியில் பட்டது. பிறகு நகங்கள்.

செல்வமேரி கையிலிருந்த கீரைக் காம்பை முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். கிளி அதன் நுனியைக் கடித்தது.

ஏசுபாதம் அவளைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டான். “பாத்தீங்களா? முழு றெக்கை! எங்க வூட்டுக் கிளி! யோவ் சிட்டிபாபு, வெளிய வாய்யா, இவங்களுக்குச் சொல்லு!” சிட்டிபாபு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். சொல்லவும் செய்தான்.

அறையில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள். பேபி கட்டிலிலிருந்து இறங்கிவந்து தரையில் உட்கார்ந்தாள். கிளியின் முதுகில் மடிந்திருந்த நீள இறகுகளைப் பார்த்தாள். தொடக் கை நீட்டினாள். பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“அண்ணி, இனிமே வெட்டாம வுட்டா எங்களுதுக்கு மொளைக்குமா?”