இடது காதில் இரண்டு வெட்டு

மந்திரமூர்த்திக்கு மகள்மேல் கோபம் வந்தால் ஆடுகளைத்தான் திட்டுவார். இந்த மூன்று வருடத்தில் அவருடைய இருநூறு செம்மறிகளும் வாங்காத வசவில்லை. மகள் கலைச்செல்வி கால்நடை மருத்துவம் படித்தவள். பின்லாந்தின் வடக்குக் கோடியில் பனிமான் மேய்க்கிறவர்களோடு இருந்து ஆராய்ச்சி செய்யப் போனாள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்குமே, அந்த மான்தான். இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்றாள். உலகத்தில் வேறு மிருகமே கிடைக்கவில்லையா என்று அவர் கேட்டதற்கு, "அவுங்களும் நம்மளை மாதிரிதாம்ப்பா. ஒரு எடத்துல நிக்க மாட்டாங்க, கிடை மாத்திக்கிட்டே இருப்பாங்க" என்றாள்.

அந்த ஒரு பேச்சில் மனிதர் இளகிப் போனார். அதற்கப்புறம் போனில் அப்பனும் மகளும் பேசுவதெல்லாம் மேய்ச்சல்தான். பனிக்கு அடியில் வெள்ளைப் பாசி இருக்கும், மான் குளம்பால் தோண்டித் தின்னும், ஒரு தடவை மொட்டையடித்துவிட்டால் திரும்ப வளர இருபது முப்பது வருடம் ஆகும் என்பாள். இப்போதெல்லாம் மார்கழியில் பனிக்குப் பதில் மழை பெய்து, அது கல்லாக உறைந்து, மான் பட்டினி கிடக்கிறது என்பாள். அன்றைக்கு அவருக்கும் சோறு இறங்காது. மானுக்காகவா, குளிரில் நிற்கிற மகளுக்காகவா என்று மனைவி ஆறுமுகத்தாய் கேட்டால் ஆட்டைத் திட்டப் போய்விடுவார். மகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இந்த வருடம் ஆனி பிறந்தும் அணை திறக்கவில்லை. கார் நடவுக்கு முன்னால் ஆட்டு உரம் வேண்டுமென்று வயல்காரர் கேட்டதால், அம்பாசமுத்திரம் பக்கம் ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போட்டிருந்தார். காலை ஆறு மணிக்குக் கிடையைச் சுற்றிக் கட்டிய வலையை அவிழ்க்கப் போகும்போது போன் அடித்தது. திரையில் மகள். அங்கே மணி மூன்றரைதான். ஆனால் கோடையில் அந்த ஊரில் சூரியன் மறைவதே இல்லை. அவள் முகத்தில் மஞ்சள் வெயில் அடித்தது.

"யப்பா, தையில லீவு போட்டாச்சு. வாரேன்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இனி அங்கன போவ மாட்டேல்லா?"

அவள் போனைத் திருப்பினாள். காலடியில் ஒரு மான்கன்று. "இதைப் பாருங்க மொதல்ல. இன்னைக்குக் குட்டிகளுக்கெல்லாம் காது வெட்டுதாங்க. வீட்டுக்கு வீடு வெட்டு வேற. இது நான் தங்கியிருக்க வீட்டுல எனக்குன்னு வெட்டி விட்டது."

மந்திரமூர்த்தி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். இடது காதில் இரண்டு வெட்டு. பக்கத்தில் நின்ற தாய்மானுக்கும் அதே இரண்டு வெட்டு.

அவர் கிடையிலும் பங்காளிகளின் ஆடு கலந்து மேயும். காதைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். வேலைக்கு நிற்கிறவர்மேல் பிரியம் வந்தால் ஒரு குட்டி கொடுப்பார்கள், ஆனால் வீட்டு வெட்டைப் போட்டுக் கொடுக்க மாட்டார்கள். அது வீட்டுக்கு வருகிற மருமகளுக்குத்தான். ஆறுமுகத்தாய் வாழ வந்த மறுநாள் அவரே ஒரு பெட்டைக்குட்டியைப் பிடித்து வெட்டி விட்டிருக்கிறார்.

"ஏட்டி" என்றார் பைய. "அந்த வீட்டுல பையன் இருக்கானா?"

அவள் போனை மறுபடி தன் பக்கம் திருப்பினாள்.

"இருக்காருப்பா. தையில கூட்டிட்டு வந்து சொல்லணும்னு இருந்தேன்."

கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "மேய்ச்சலை மொட்டையடிக்காம மந்தையை நகத்துவானா?"

"பாசி மிச்சம் இருக்கும்போதே கெளப்பிருவாருப்பா."

"அப்பம் நல்ல ஆளுதான்" என்றார். போனை வைத்துவிட்டு வலையை அவிழ்க்கப் போனார்.

ஆறுமுகத்தாய் தூக்குச்சட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். "செல்வியா? எப்பம் வாராளாம்?"

"தையில."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவ ரூமுக்கு வெள்ளையடிச்சிரணும். இனி இங்கனதான இருக்கப் போறா."

"அடிச்சிருவோம்" என்றார் மந்திரமூர்த்தி. "மறுவீடு வாரவங்களுக்கு ரூமு நல்லா இருக்கணும்லா."